அலாரம் 'ஆஃப்' ஆனால் ஏன் அலறுகிறது?

'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது என்று பொருள். நம்மில் நிறையப் பேர் அது நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் ஃபேன் ஆஃப், மோட்டார் ஆஃப், போன் ஸ்விட்ச் ஆஃப் என்று தமிழுக்குள் நுழைந்த 'ஆஃப்' அணைவதை மட்டுமே குறிக்கிறது. அதே வாக்கியத்தில் அலாரத்துக்குப் பதில் 'தி லைட்ஸ்' வந்தால் விளக்குகள் அணைந்தன. 'தி பாம்' வந்தால்? குண்டு வெடித்தது!

'ஆஃப்' என்பதன் அடிப்படைப் பொருள் அணைவது இல்லை, விலகுவது. பழைய ஆங்கிலத்தில் 'ஆஃப்' (off), 'ஆவ்' (of) இரண்டும் ஒரே சொல்தான். ஆக, 'கோ ஆஃப்' என்றால் ஒன்று தான் இருந்த நிலையை விட்டுப் போகிறது, எந்த நிலையை என்பதை எழுவாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எரிகிற விளக்கு அந்த நிலையை விட்டுப் போனால் இருட்டு. அலாரத்துக்கும் குண்டுக்கும் துப்பாக்கிக்கும் சும்மா இருப்பதுதான் வழக்கமான நிலை. சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தை நினைத்துப் பாருங்கள்: முறுக்கி வைத்த சுருள்வில்லை ஒரு தடுப்பு பிடித்துக்கொண்டிருக்கும், வைத்த நேரம் வந்ததும் அது விலகும், உடனே குட்டிச் சுத்தியல் மணியைப் படபடவென்று அடிக்கத் தொடங்கிவிடும்.

சரி, இதில் 'கோ' எதற்கு? மொழியியலாளர் ஈவ் கிளார்க் 1974இல் இதை அழகாக விளக்கினார். இயல்பான நிலைக்குத் திரும்பினால் ஆங்கிலம் 'கம்' என்கிறது, அதை விட்டு விலகினால் 'கோ' என்கிறது. மயக்கம் தெளிந்தால் 'கேம் டு', பைத்தியம் பிடித்தால் 'வென்ட் மேட்'. நாமும் கரண்ட் போச்சு, கரண்ட் வந்தது என்றுதானே சொல்கிறோம்! பயந்துபோனான், இடிந்துபோனாள் என்பதிலும் இதே 'போ' இருக்கிறது. பிரிட்டனில் பால் கெட்டுப்போனால் 'தி மில்க் ஹாஸ் கான் ஆஃப்' என்பார்கள், அமெரிக்காவில் 'கான் பேட்' என்பதுதான் அதிகம் கேட்கும். காபி பிடிக்காமல் போனால், அதுவும் பிரிட்டன் வழக்குதான், 'ஐ ஹாவ் கான் ஆஃப் காபி'. இந்த இடங்களில் எல்லாம் தமிழ் காதோடு கேட்டாலே பொருள் பிடிபட்டுவிடும்.

எல்லாமே இப்படி அடங்கிவிடாது. 'தி வெட்டிங் வென்ட் ஆஃப் வெல்' என்றால் கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்று அர்த்தம், இதைத் தனியாகத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், அடிக்கிற அலாரத்தை நிறுத்தியதைச் சொல்ல 'கோ ஆஃப்' உதவாது, அதற்கு 'டர்ன் ஆஃப்' வேண்டும். 'டர்ன் ஆஃப் தி அலாரம்', 'டர்ன் தி அலாரம் ஆஃப்' இரண்டுமே சரி, ஆனால் 'இட்' போட்டால் அது நடுவில்தான் வரும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை.