கந்தகத்தைப் பூட்டும் நஞ்சு

நிறமும் மணமும் சுவையும் இல்லாத ஒரு நீர் எவ்வாறு ஆளைக் கொல்லும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் புழங்கிய 'அக்குவா தோஃபானா' என்ற நஞ்சைப் பற்றித்தான் அவர் கேட்கிறார். மணமுறிவுக்குத் திருச்சபை இடம்தராத அக்காலத்தில், வீட்டார் சீதனம் பேசி முடித்துவைத்த திருமணத்தில் அடியும் வசவும் வாங்கிய பெண், கணவன் இறந்தால் மட்டுமே மறுமணம் செய்துகொள்ள முடியும். அத்தகைய பெண்களுக்கு ரோம் நகரில் இந்த நஞ்சை விற்றதற்காக ஜிரோனிமா ஸ்பானாவும் வேறு நான்கு பெண்களும் 1659 ஜூலையில் காம்போ தே ஃபியோரி சதுக்கத்தில் தூக்கிலிடப்பட்டனர்.

நஞ்சின் முதன்மைச் சரக்கு வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக் ட்ரைஆக்சைடு. சூப்பிலோ ஒயினிலோ கரைந்தால் அது மின்னேற்றமற்ற ஆர்சனியஸ் அமிலமாகிறது. கிளிசரால் செல்லும் புரத வாயில்கள் அதையும் உயிரணுவுக்குள் விட்டுவிடுகின்றன. உள்ளே நடப்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. சர்க்கரையிலிருந்து ஆற்றலைப் பெறும் வழியில் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதித்தொகுதி இருக்கிறது. அதில் லிப்போயிக் அமிலம் நீண்ட கையைப் போல அசைந்து, ஒரு நொதியிடம் வாங்கிய இரு கார்பன் துண்டை அடுத்த நொதியிடம் சேர்க்கிறது. அதன் நுனியில், மூன்று கார்பன்களுக்கு இருபுறமும் ஒவ்வொரு கந்தக அணு உண்டு. துண்டைத் தாங்குவது அந்தக் கந்தகமே. ஆர்சனிக் இரண்டு கந்தகங்களையும் ஒருசேரப் பற்றி, ஆறு அணுக்கள் கொண்ட வளையமாக மூடிவிடுகிறது. பிறகு அசைய முடிந்தாலும் எதையும் ஏந்த முடியாது. ஆற்றலின்றி உயிரணுக்கள் மடிகின்றன. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்க, பார்ப்பவருக்கு அது சாதாரண வயிற்று நோயாகவே படும்.

விற்றவள் நாள் குறித்தால் அந்த நாளில் கணவன் சாவான் என்றொரு கதை இன்றும் பரவுகிறது. அளவு, உடல்வாகு, உண்ட உணவு என எல்லாவற்றுக்கும் ஏற்ப விளைவு மாறுவதால் அதற்கு வேதியியல் துணைவராது. அறுநூறு கணவர்கள் மாண்டனர் என்ற எண்ணையும் நான் நம்புவதில்லை.

முறிமருந்து பிறந்தது இரண்டாம் உலகப் போரின்போது. லூயிசைட் என்ற ஆர்சனிக் நச்சுப்பொருளுக்கு அஞ்சி, ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் குழுவினர் அருகருகே இரு கந்தகங்கள் கொண்ட சிறு மூலக்கூறு ஒன்றை உருவாக்கினர். அது ஆர்சனிக்குடன் ஐந்து அணு வளையமாக இன்னும் உறுதியாகப் பிணைவதால், நொதியிடமிருந்து அதைப் பறித்துக்கொள்கிறது. போர் அச்சம் வந்தால் மட்டும் ஆய்வுக்குப் பணம் தாராளமாக வருவது எனக்கு உவப்பானதல்ல. ஆயினும் அந்த மருந்து இன்றும் ஆர்சனிக் நச்சேறியவர்களுக்கு ஊசியாகப் போடப்படுகிறது.