தேநீர் மேல் ஒரு நூற்பாலை

"கொம்புச்சா 2,000 வருடப் பழமையான சீன அமுதமாமே, கல்லீரலைச் சுத்தம் செய்யுமாமே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம்தான் கொம்புச்சா. இரண்டு 'ஆமே'யையும் சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறார்.

சின் வம்சத்துக் காலத்துப் பானம், கி.பி. 414-இல் கொம்பு என்ற கொரிய வைத்தியர் இதை ஜப்பானியப் பேரரசருக்குக் கொண்டுபோனார் என்றெல்லாம் கதை ஓடுகிறது. அந்தக் காலத்துச் சான்று ஒன்றையும் யாரும் காட்டியதில்லை. ஜப்பானிய மொழியில் கொம்பு என்பது ஒரு கடற்பாசி. அங்கே கொம்புச்சா என்றால் அந்தப் பாசியில் போடும் பானம். புளித்த தேநீருக்கு அங்கே வேறு பெயர்: 'கோச்சா கினொக்கோ', தேநீர்க் காளான். நம்பத்தகுந்த தடயங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ரஷ்யப் பகுதியில்தான் கிடைக்கின்றன. 1913-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் குஸ்தாவ் லிண்டாவும் இதைப் பூஞ்சையாகவே கருதி 'மெடுசோமைசெஸ்' என்று பெயர் சூட்டினார்.

ஆனால் அது காளான் இல்லை, கூட்டுக் குடித்தனம். ஈஸ்ட் சர்க்கரையை உடைத்து ஆல்கஹால் ஆக்கும், பாக்டீரியா அதை வினிகரின் அமிலமாக மாற்றும். சரி, இது பள்ளிப் பாடம்.

எனக்குப் பிடித்தது மேலே மிதக்கும் அந்த வழவழப்பான ஆடை. பாலாடை, உடுத்தும் ஆடை, இரண்டு பொருளும் இதற்குப் பொருந்தும். குச்சி வடிவ பாக்டீரியா ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் நுண்துளைகள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்து, அந்தத் துளைகள் வழியே வெளியே தள்ளுகிறது. வெளிவந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக இறுகுகின்றன. அப்படி இறுகும் வேகமே பாக்டீரியாவை எதிர்ப்பக்கம் உந்துகிறது. அதாவது, நூல் நூற்றுக்கொண்டே அது பின்னோக்கி நகர்கிறது! கோடிக்கணக்கானவை இப்படித் திசைக்கொன்றாக அலைந்தால் துணி தானாக விழுந்துவிடும். பருத்தியில் இருக்கும் அதே செல்லுலோஸ்தான், இழை மட்டும் பல மடங்கு மெல்லியது. ஆல்கஹாலை அமிலமாக்க ஆக்சிஜன் வேண்டும். ஆகவே காற்றை ஒட்டி மிதக்க அவை தாமே நெய்துகொண்ட தெப்பம் இது.

அப்புறம் கல்லீரல். கொம்புச்சாவில் குளுக்குரோனிக் அமிலம் இருக்கிறது, அது கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்பதுதான் வாதம். அந்த அமிலம் உடலில் கழிவை வெளியேற்ற உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் கல்லீரல் அதைக் குளுக்கோஸிலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. பாட்டிலை எதிர்பார்த்து அது காத்திருப்பதில்லை. 2003-இல் மாற்று மருத்துவ ஆய்வாளர் எட்சார்ட் எர்ன்ஸ்ட் கொம்புச்சாவின் பலன் பற்றித் தேடிப் பார்த்தபோது மனிதர்களிடம் நடந்த மருத்துவ ஆய்வு ஒன்றுகூடச் சிக்கவில்லை. 2023-இல் வெளியான சிறு ஆய்வில் நீரிழிவு உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. பங்கேற்றவர்கள் வெறும் 12 பேர். விளம்பரத்துக்குப் போகும் காசில் கொஞ்சம் பெரிய ஆய்வுக்குப் போகலாம் என்பது என் புலம்பல்.

வீட்டில் போடுகிறவர்கள் கண்ணாடிச் சாடியில் போடுங்கள். மெருகிட்ட மண்பாண்டத்தில் ஈயம் இருந்தால், இந்தப் புளிப்பு அதைக் கரைத்து எடுத்துவிடும்.