ஷாம்புங்கிற வார்த்தைக்கு முதல் அர்த்தம் 'அமுக்கு'

நான் பிசியோதெரபிஸ்ட், பதினாலு வருஷமா கழுத்து முதுகு முட்டின்னு பாத்துட்டு இருக்கேன். இவர் ஏன் ஷாம்பு பத்தி எழுதுறாருன்னு நினைக்காதீங்க, அந்த வார்த்தை முடிக்கு வர்றதுக்கு முன்னாடி நூறு வருஷம் எங்க தொழில்லதான் இருந்துச்சு. இந்தியில சாம்ப்னான்னா அமுக்குறது, பிசையுறது. அதையே ஒருத்தரைப் பாத்து ஏவினா சாம்போ, நம்ம வீட்டுல தாத்தா பேரனைக் கூப்பிட்டு "காலை அமுக்கி விடுடா"ன்னு சொல்ற மாதிரி. இந்த ஏவலைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வெள்ளைக்காரங்க காதுல வாங்கி ஷாம்புன்னு எழுதிக்கிட்டாங்க, 1762லயே அது இங்கிலீஷ்ல அச்சாகிடுச்சு. அப்போ அதுல சோப்பும் இல்ல நுரையும் இல்ல. உடம்பைப் பிடிச்சு விடுறது, மூட்டு மூட்டா நெட்டி எடுக்கிறது, அவ்வளவுதான்.

அதை இங்கிலாந்துல பெரிய வைத்தியமாவே ஆக்கினவர் சேக் தீன் முகமது. 1759ல பாட்னால பிறந்தவர், சின்னப் பையனாவே கம்பெனி பட்டாளத்தோட போய், 1784ல அயர்லாந்துல கார்க் நகரத்துக்குக் குடிபோனார், 1794ல தன் பயணத்தை இங்கிலீஷ்ல புத்தகமா எழுதினார், இந்தியர் ஒருத்தர் இங்கிலீஷ்ல எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் அதுதான்னு சொல்றாங்க. 1810ல லண்டன்ல இந்தியச் சாப்பாட்டுக் கடை வச்சு ரெண்டே வருஷத்துல கடனாகி, பிரைட்டன் கடற்கரைக்குப் போய் ஷாம்பு குளியல் நிலையம் ஆரம்பிச்சார். அது எப்படி நடந்துச்சுங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்: மூலிகை போட்ட ஆவியில நோயாளி நல்லா வேர்க்கணும், அவரைச் சுத்தி ஃபிளானல் துணியில சின்னக் கூடாரம், அந்தத் துணியிலயே ரெண்டு சட்டைக்கை மாதிரி தச்சிருக்கும், பிடிச்சு விடுறவர் வெளியில நின்னுக்கிட்டு அந்தக் கைக்குள்ள தன் கையை விட்டு உள்ள இருக்கிறவரை அமுக்குவார். இன்னைக்கு நாங்க இறுகின தசைக்கு முதல்ல சூடு குடுத்து அப்புறம் கை வைக்கிறோம் பாருங்க, அதே வரிசை. நாலாம் ஜார்ஜ் ராஜாவுக்கே அவர் ஷாம்பு சர்ஜனா இருந்திருக்கார். குணமானவங்க விட்டுட்டுப் போன ஊன்றுகோலை எல்லாம் அவர் நிலையத்துல காட்சிக்கு வச்சிருந்தாராம்.

1860கள்ல இங்கிலீஷ்காரங்க அந்த வார்த்தையை உடம்புல இருந்து தலைக்கு மட்டும் சுருக்கிட்டாங்க, சோப்புத் தண்ணி ஊத்தித் தலையைத் தேய்ச்சு விடுறது ஷாம்பு ஆச்சு, அப்புறம் தேய்ச்சு விடுறதும் போய் தேய்க்கிற பொருளுக்கே அந்தப் பேர் வந்துடுச்சு. 1903ல பெர்லின்ல ஹான்ஸ் ஸ்வார்ஸ்காப் பொடியா விக்க ஆரம்பிச்சார். அப்புறம் அது நம்ம கடலூர் வரைக்கும் வந்து சின்னி கிருஷ்ணன்ங்கிறவர் கையால சாஷேங்கிற சின்னப் பாக்கெட்டுல அடைபட்டு, பெட்டிக்கடை பெட்டிக்கடையா சரம் சரமா தொங்கினது உங்களுக்கே தெரியும். சீயக்காயும் அரப்பும் தேய்ச்ச ஊர்ல அமுக்குங்கிற வார்த்தை நுரையாத் திரும்பி வந்துச்சு.

வார்த்தைதான் நுரைக்குப் போச்சு, அமுக்குறது எங்கயும் போகல. முடி வெட்டி முடிச்சதும் சலூன்ல தலையில தட்டி, தோளைப் பிடிச்சு, கடைசியா தாடையில ஒரு கை, பின்மண்டையில ஒரு கை வச்சு 'டக்'குனு ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு 'டக்'. தலையைப் பிடிச்சு விடுறதுல எனக்கு எந்த மறுப்பும் இல்ல, நல்லதுதான். அந்தக் கடைசித் திருப்புதான் பிரச்சனை.

என்கிட்ட வந்த ஒருத்தருக்கு முப்பத்தி நாலு வயசு, சுகர் பிபி எதுவும் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் முடி வெட்டிட்டு நெட்டியும் எடுத்துட்டு வந்திருக்கார், ராத்திரி பின்கழுத்துல ஒரு பக்கமா வலி, சுளுக்குன்னு நினைச்சு தைலம் தேய்ச்சுப் படுத்துட்டார். திங்கட்கிழமை காலைல எழுந்தா நிக்க முடியல, ஒரே பக்கமா சாயுறார், எதிர்ல நிக்கிற அம்மா ரெண்டு ரெண்டாத் தெரியுறாங்க, குடிச்ச தண்ணி மூக்குல ஏறுது. ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்ததுல கழுத்து ரத்தக்குழாய்ல கிழிசல், சிறுமூளைல ஸ்ட்ரோக். ஆறு வாரம் கழிச்சு என்கிட்ட நடை பழக வந்தப்போ, தரையில ஒட்டியிருந்த நீல டேப் மேல நாலு அடி வைக்கிறதுக்கு என் முழங்கையை இறுக்கிப் பிடிச்சிருந்தார். அவங்க அம்மா கேட்டது இதுதான், "தம்பி, முடி வெட்டத்தானப்பா போனான், அதுக்கா இப்படி?"

அதுக்கு நான் அவங்களுக்கு மாடல் எலும்பைக் காட்டித்தான் விளக்கினேன். கழுத்து எலும்பு மொத்தம் ஏழு. அதுல ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கு, மேல ஆறு எலும்போட ஓட்டை வழியா பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு ரத்தக்குழாய் ஏறி, உச்சில முதல் எலும்பைச் சுத்தி வளைஞ்சு மூளைக்குள்ள போகுது. எலும்புக்குள்ள கோத்த குழாய்ங்கிறதால தலையை வேகமாத் திருப்பினா அந்த வளைவுலதான் இழுபடும். குழாயோட உள்தோல் லேசாக் கிழிஞ்சா போதும், அங்க ரத்தம் கட்டியாகி, மணிக்கணக்குலயோ சில நாள் கழிச்சோ கட்டி மேல போய் அடைக்கும். எல்லாருக்கும் இப்படி ஆகாது, அபூர்வம்தான். ஆனா யாருக்கு ஆகும்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது, 'டக்'குனு வர்ற சத்தத்துனால எந்த நோயும் தீர்றதில்ல, அப்புறம் அந்த ரிஸ்க் எதுக்கு?

இதுல இன்னொண்ணும் இருக்கு. 1993ல மைக்கேல் வெயின்ட்ராப்னு ஒரு நரம்பியல் டாக்டர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ்ல அஞ்சு பெண்களைப் பத்தி எழுதினார், யாரும் அவங்க கழுத்தைத் திருப்பல, பார்லர்ல பேசின் விளிம்புல கழுத்தை வச்சு மல்லாக்கத் தலையைச் சாய்ச்சு ஷாம்பு போட்டதுக்கு அப்புறம் அந்தப் பெண்களுக்கு மூளை நரம்புத் தொந்தரவு வந்திருக்கு. அதுக்கு பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்னே பேர் வந்துச்சு. அதாவது பழைய அர்த்தத்து ஷாம்பும் புது அர்த்தத்து ஷாம்பும் ஒரே ரத்தக்குழாயைத்தான் தொடுது. பார்லர் போறவங்க கழுத்துக்கு அடியில ஒரு துண்டை மடிச்சு வைக்கச் சொல்லுங்க, தலை சுத்துற மாதிரி இருந்தா உடனே எழுந்துருங்க, வயசானவங்க முன்பக்கம் குனிஞ்சே கழுவிக்கலாம்.

நெட்டி எடுத்த பிறகு இதுவரைக்கும் வராத மாதிரி பின்கழுத்து வலி, தலைசுத்தல், ரெட்டையாத் தெரியுறது, பேச்சு குழறுறது, முழுங்க முடியாம போறது, ஒரு பக்கமா சாயுறது, இதுல எது வந்தாலும் தைலம் தேய்க்காதீங்க, தூங்கினா சரியாகிடும்னு விடாதீங்க, 108க்கு போன் பண்ணுங்க. ஸ்ட்ரோக்ல கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு ஆரம்பிச்ச நேரத்துல இருந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. போனதும் "கழுத்தைத் திருப்பினாங்க"ங்கிறதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, அவங்களுக்கு எங்க தேடணும்னு அதுலயே தெரிஞ்சிடும்.

காலைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஆபரேஷன் முடிஞ்சு படுக்கையில இருந்தவங்க, நாள் முழுக்க பஸ்ல உக்காந்து வந்தவங்க, இவங்களுக்கு ஒரு கால் ஆடுசதை மட்டும் வீங்கி சூடா வலிச்சா எண்ணெய் போட்டு உருவி விடாதீங்க, உள்ள ரத்தக்கட்டி இருந்தா அது நுரையீரலுக்குப் போயிடலாம், முதல்ல ஸ்கேன்.

தீன் முகமதுவோட பேரன் ஃபிரெட்ரிக் அக்பர் முகமதும் டாக்டர்தான், லண்டன் கைஸ் ஆஸ்பத்திரில வேலை பாத்தவர், சிறுநீரகக் கோளாறு இல்லாதவங்களுக்கும் பிபி ஏறும்னு முதல்ல காட்டினவங்கள்ல ஒருத்தர். என் ரூம்ல கழுத்து வலின்னு யார் வந்தாலும் கை வைக்கிறதுக்கு முன்னாடி பிபி பாப்பேன், 'டக்'குனு சத்தம் வரலையேன்னு கேக்குறவங்களுக்கு மாடல் எலும்புல அந்த ஓட்டைக்குள்ள கோத்து வச்சிருக்கிற சிவப்பு ரப்பர் குழாயைக் காட்டுவேன். போன மாசம் நான் முடி வெட்டுற சலூன் அண்ணனுக்கும் அதையே எடுத்துட்டுப் போய்க் காட்டினேன், கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இத்தனை வருஷமா இது தெரியாமயே பண்ணிருக்கேனே சார்"னாரு. இப்போ அவர் தோளோட நிறுத்திக்கிறார்.