அட்டோல்: வட்டப் பவளத்திட்டு

மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 500 கி.மீ. தொலைவில் இருக்கும், பிரிட்டனும் மொரீசியஸும் உரிமைக்காக மோதிய தீவுக்கூட்டமான சாகோஸ் பற்றிய செய்திகளில் ‘அட்டோல்’ என்ற சொல் தவறாமல் வரும். தமிழில் அதைப் ‘பவளத்தீவு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது போதாது. சாகோஸ் சிக்கலின் பாதி அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

மூலம் மாலத்தீவின் திவெகி மொழி. அங்கே ‘அதொளு’ என்பார்கள். நிர்வாகப் பிரிவுக்கும் இன்றுவரை அதே பெயர்தான். 1602-ல் கப்பல் உடைந்து மாலத்தீவில் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், ஊர் திரும்பியபின் எழுதிய நூலில் இதைப் பயன்படுத்தினார். 1842-ல் டார்வின் எழுதிய பவளப்பாறை நூலுக்குப் பிறகு இது உலகம் முழுக்க அறிவியல் சொல்லாகிவிட்டது.

டார்வின் சொன்ன விளக்கம் இது: எரிமலைத் தீவு ஒன்று மெல்லக் கடலுக்குள் அமிழ்கிறது. அதன் கரையைச் சுற்றியிருக்கும் பவளப்பாறை, வெளிச்சம் தேடி மேலே வளர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் மலை மறைந்துபோய், பவள வளையமும் நடுவில் ஆழம் குறைந்த நீரும் மிஞ்சுகின்றன. 1952-ல் பசிபிக்கின் எனிவெடாக் அட்டோலில் துளையிட்டபோது, சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டார்வின் சொன்னது சரிதான்.

ஆக, வளையமும் அது சூழ்ந்த நீரும் சேர்ந்ததுதான் அட்டோல். மன்னார் வளைகுடாவில் இருப்பவையும் பவளத்தீவுகளே, ஆனால் அவை அட்டோல் அல்ல. லட்சத்தீவின் மினிக்காய் அட்டோல்தான். அங்கே பேசப்படும் மகல், திவெகியின் ஒரு வடிவம். இந்த வேறுபாட்டைக் காட்ட, பாடநூல்களில் வரும் ‘வட்டப் பவளத்திட்டு’ என்ற சொல்லே பொருத்தமானது. ‘திட்டு’ என்றால் நீருக்குள் மூழ்கிக் கிடப்பதும் அடங்கும். நடுவிலுள்ள நீரைக் காயல் எனலாம். இலங்கையில் களப்பு என்பார்கள், அதுவும் அழகான சொல்.

சாகோஸில் இது ஏன் முக்கியம்? நீர்மேல் தெரியும் நிலம் மொத்தமே சுமார் 56 சதுர கி.மீ. அங்குள்ள மாபெரும் சாகோஸ் திட்டு, உலகின் மிகப் பெரிய வட்டப் பவளத்திட்டு, ஏறக்குறைய முழுவதும் நீருக்கடியில் கிடக்கிறது. அங்குள்ள இன்னொரு அட்டோல் தியேகோ கார்சியா. கால்தடம் போன்ற வடிவிலுள்ள அதன் காயலுக்கு வடக்கே மட்டும்தான் வாசல். உள்ளே பெரிய கப்பல்கள் பத்திரமாக நிற்க இடம் உண்டு. அமெரிக்க ராணுவத் தளம் அங்கே அமைந்ததற்கு அந்தக் காயலும் ஒரு காரணம்.

தளத்துக்காக 1965-ல் பிரிட்டன் சாகோஸை மொரீசியஸிலிருந்து பிரித்தெடுத்தது. மொரீசியஸ் விடுதலை பெற்றது 1968-ல். அப்புறம் 1973 வரை, தென்னந்தோப்புகளில் உழைத்து வாழ்ந்த சாகோஸ் மக்களை மொரீசியஸுக்கும் சீஷெல்ஸுக்கும் அப்புறப்படுத்தினார்கள். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா என்று பல இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். தலைமுறைகளாக வாழ்ந்தவர்களைத் தற்காலிகத் தொழிலாளர்கள் என்று ஏட்டில் எழுதி அனுப்பியது பெரும் கொடுமை. மன்னிக்கவே முடியாதது.

அந்தப் பிரிப்பால் மொரீசியஸின் விடுதலை சட்டப்படி நிறைவடையவில்லை என்று 2019 பிப்ரவரியில் அனைத்துலக நீதிமன்றம் கருத்துரைத்தது. அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீசியஸ் பக்கம் வாக்களித்தன, எதிர்த்தவை 6. 2025 மே 22-ல் பிரிட்டனும் மொரீசியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன: இறையாண்மை மொரீசியஸுக்கு, தியேகோ கார்சியா 99 ஆண்டுகளுக்கு பிரிட்டனின் பொறுப்பில். இறையாண்மை என்பதை இலங்கைத் தமிழில் இறைமை என்பர்.

தமிழர்களுக்கும் இந்த இடம் அறிமுகமானதுதான். 2021 அக்டோபரில் கனடா நோக்கிச் சென்ற இலங்கைத் தமிழர்களின் படகு பழுதாகி, அவர்கள் தியேகோ கார்சியாவில் கரையேற்றப்பட்டனர். பலர் மூன்று ஆண்டுகள் வேலியிட்ட முகாமில் கிடந்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் சாகோஸை உள்ளடக்கிய பிரிட்டிஷ் ஆட்புலத்தின் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

எழுதும்போது மொத்தத்தையும் ‘சாகோஸ் தீவுக்கூட்டம்’ என்றும், ஒவ்வொரு அட்டோலையும் ‘வட்டப் பவளத்திட்டு’ என்றும் குறிக்கலாம். தரைப்பகுதியை மட்டும் சொல்லும்போது ‘தீவு’ போதும். 2025 ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இந்த வேறுபாடு உடனே உதவும்: மக்களை மீண்டும் குடியமர்த்தும் உரிமை மொரீசியஸுக்குக் கிடைப்பது தியேகோ கார்சியா தவிர்த்த மற்றத் தீவுகளில்தான்.