மக்களவையில் பேசியது வேறு, அரசிதழில் வந்தது வேறு

மருத்துவ வழக்குகளை நடத்துவதால் டாக்டர்கள் பலரோடு பேசுகிறேன். “புதுச் சட்டத்தில் எங்களுக்கு விலக்கு கொடுத்துட்டாங்களே சார்” என்று நம்பிக்கையோடு சொல்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 20 அன்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதா மசோதா மீது மக்களவையில் பேசிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, சிகிச்சையில் நேரும் அலட்சிய மரணங்களில் மருத்துவர்களுக்கு விலக்கு தரத் திருத்தம் கொண்டுவருவதாகச் சொன்னார். செய்திகளும் அப்படியே வந்தன.

நிறைவேறிய சட்டத்தில் 106(1) பிரிவைப் பாருங்கள். அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது அதைச் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். விலக்கு எங்கும் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவிலும் உச்சவரம்பு 2 ஆண்டுதான். ஆனால் அங்கே “சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்” என்று இருந்ததால், நீதிபதி அபராதத்தோடு நிறுத்தலாம். புதிய பிரிவில் அந்த “அல்லது” காணாமல் போயிருக்கிறது. இதை எடுத்துக்காட்டினால் பல மருத்துவர்கள் அதிர்ந்துபோகிறார்கள்.

அந்தப் பிரிவின் விளக்கத்தையும் விடாமல் படிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் அங்கீகரித்த தகுதியும், அதன்படியான பதிவேட்டில் பெயரும் உள்ளவரே அங்கே “பதிவுபெற்ற மருத்துவர்”. வேறு சட்டத்தின் கீழ் பதிவு செய்யும் சித்த மருத்துவர்களை அந்த வாசகம் குறிப்பிடவில்லை.

அடுத்த உட்பிரிவு இன்னொரு விதமான பொறி. விபத்தில் ஆளைக் கொன்றுவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை என்கிறது 106(2). லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் போராடியது இதற்காகத்தான். 2024 ஜூலை 1 அன்று சட்டம் அமலுக்கு வந்தபோது இந்த உட்பிரிவை மட்டும் அரசு நிறுத்திவைத்தது. கடையில் வாங்கும், சட்ட வாசகம் மட்டுமே உள்ள ‘பேர் ஆக்ட்’ புத்தகத்தில் அது மற்றவற்றைப் போலவே அச்சாகியிருக்கும்; அமலுக்கு வரும் தேதியை அரசிதழ் அறிவிக்கையில்தான் பார்க்க வேண்டும். அரசின் சட்டத் தொகுப்பான ‘இந்தியா கோட்’ தளத்திலும் இ-அரசிதழிலும் இவற்றைக் காசில்லாமல் படிக்கலாம். சம்பவம் நடந்தது 2024 ஜூலை 1-க்கு முன் என்றால் பழைய 304ஏ-தான் பொருந்தும், எஃப்.ஐ.ஆர். கையில் வந்தவுடன் நான் முதலில் பார்ப்பது சம்பவத் தேதியைத்தான்.

மருத்துவர்களுக்கு உண்மையான பாதுகாப்பு 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதில் இருக்கிறது. தகுதியுள்ள வேறொரு மருத்துவரின் நம்பத்தக்க கருத்து இல்லாமல் தனிநபர் புகாரை ஏற்கக் கூடாது, வழக்கு வந்துவிட்டது என்பதற்காகவே கைது செய்யக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. சிகிச்சை சரியா என்பதைச் சம்பவ நாளில் இருந்த மருத்துவ அறிவை வைத்தே அளக்க வேண்டும், விசாரணை நாளின் அறிவை வைத்தல்ல என்றும் சொன்னது.

அதனால் மருத்துவமனை நிர்வாகங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மருந்தளவுகளைச் சொல்லும் தேசிய மருந்துக் கையேட்டின் புதுப் பதிப்பு வந்ததும் பழையதை எடைக்குப் போடாதீர்கள். உங்கள் சிகிச்சை நெறிமுறைகளைத் திருத்தினால் பழைய பிரதியைத் தேதி எழுதி வையுங்கள். வழக்கு விசாரணைக்கு வர வருடக்கணக்கில் ஆகும். அன்று கொடுத்த மருந்தளவு அன்றைய நெறிமுறைப்படி சரிதான் என்று காட்ட அந்தப் பிரதி வேண்டியிருக்கும்.