கூலிங் சார்ஜ் ரெண்டு ரூபா, அதுல கூலிங்குக்கு எவ்ளோ?

சென்னைக்கு ஆவின் பால் கிளம்பற பெரிய டெய்ரிங்கள்ல ஒண்ணு மாதவரத்துல நம்ம ஏரியாவுலயே இருக்கு, அங்கேர்ந்து மூலக்கடை, வியாசர்பாடி, எம்கேபி நகர்லாம் வண்டியில கொஞ்ச நேரந்தான், ஆனாலும் ஒரே பச்சை பாக்கெட் காலைல பூத்துல ஒரு ரேட்டு, சூப்பர் மார்க்கெட்ல அதே ரேட்டு, நைட்டு தெருமுனை பொட்டிக்கடையில மட்டும் ரெண்டு ரூபா ஏறிடும். 2021 மே மாசம் லிட்டருக்கு 3 ரூபா கொறச்சப்போ பச்சை லிட்டர் 44 ஆச்சு, அரை லிட்டர் 22. கீழ வர்ற கணக்கு எல்லாத்தையும் அந்த 22ஐ வச்சே போடறேன்.

நைட்டு ஒம்பதரைக்கு கடை வாசல்ல நடக்கற பேச்சு எல்லாருக்கும் மனப்பாடம்.

"அண்ணே ஒரு பச்ச குடுங்க."

"இருவத்திநாலும்மா."

"இருவத்திரெண்டுதான போட்டுக்கீது?"

"கூலிங் சார்ஜும்மா. வேணும்னா காலைல அஞ்சரைக்கு வா, இருவத்திரெண்டுக்கே தர்றேன்."

அந்தக்கா முணுமுணுத்துக்கிட்டே 24 குடுத்துட்டுத்தான் போவாங்க, கொழந்த அழுவுதுல்ல. மொதல்லயே சொல்லிடறேன், சட்டப்படி இது தப்பு. பாக்கெட்ல போட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்த்த விலை, அதுக்கு மேல எந்தப் பேரு வச்சும் வாங்கக்கூடாது, 2011 பாக்கெட் பொருள் விதி அதான் சொல்லுது. நம்ம ஸ்டேட்ல தொழிலாளர் துறைதான் இத பாக்கறாங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கும் போன் போடலாம். ஆனா தப்புன்னு சொல்லிட்டா அந்த ரெண்டு ரூபா எங்கேர்ந்து வருதுன்னு புரிஞ்சிடாது, அத கொஞ்சம் பிரிச்சுப் பாப்போம்.

கடக்காரர் கூலிங்னு சொல்றாரா, அதுலயே ஆரம்பிக்கலாம். ஒரு கிலோ பாலை ஒரு டிகிரி குளிர வைக்க சுமார் 3.9 கிலோஜூல் வெப்பத்த வெளிய எடுக்கணும். அரை லிட்டர் பாக்கெட்ட 30 டிகிரில இருந்து 5 டிகிரிக்கு கொண்டு வர்றதுக்கு அரை கிலோ, 25 டிகிரி, பெருக்கினா ஏறக்குறைய 49 கிலோஜூல். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் தின்ற கரண்ட விட கொறஞ்சது ரெண்டு மடங்கு வெப்பத்த வெளிய தள்ளும்னு வச்சா, ஆகற கரண்ட் 25 கிலோஜூல் கூட இல்ல. ஒரு யூனிட்டுங்கறது 3600 கிலோஜூல். யூனிட்டு பத்து ரூபான்னே போடுங்க, ஒரு பாக்கெட்ட குளிர வைக்க ஆகற செலவு ஏழு பைசா! அதுவும் பால் பண்ணையில இருந்தே நாலஞ்சு டிகிரில குளிரவச்சுத்தான் வண்டி ஏறுது, அதனால முழு 25 டிகிரியும் கடக்காரர் தலைல விழறதில்ல.

ஏழு பைசாவுக்கு ரெண்டு ரூபாவான்னு சண்டைக்குப் போயிடாதீங்க, இன்னும் இருக்கு. ஃப்ரிட்ஜ் உள்ள பாக்கெட் இருக்கோ இல்லையோ ஓடிக்கிட்டேதான் இருக்கும், அதுவும் முன்னாடி கண்ணாடி கதவு வச்ச டைப்ல ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் உள்ள இருக்கற குளுந்த காத்து கனமா இருக்கறதால கீழ வழியா கொட்டிடும், அந்த எடத்துக்கு தெருவுல இருக்கற அனல் காத்து உள்ள போயிடும் (மேல மூடி வச்ச பொட்டி ஃப்ரீசர்ல இந்த லாஸ் கம்மி). ஒரு நாளைக்கு நாலு யூனிட் இழுக்குதுன்னு வச்சுக்குவோம், 40 ரூபா. அதுல 40 பால் பாக்கெட் போனா பாக்கெட்டுக்கு ஒரு ரூபா, 20 பாக்கெட்தான்னா ரெண்டு ரூபா. கலர், தண்ணி பாட்டில்லாம் அதே ஃப்ரிட்ஜுல இருக்கறதால பால் பங்கு இன்னும் கொறையும். ஆக கூலிங்குன்னு பாத்தா ஐம்பது பைசா, ஒரு ரூபா வரைக்கும் நியாயம் சொல்லலாம், அதுக்கு மேல முடியாது.

மீதி எங்க போவுதுன்னா, விக்காம நின்னுபோன பாக்கெட்டுக்கு. விஷயமே இங்கதான் இருக்கு, ஆனா கடக்காரரே இதச் சொல்ல மாட்டாரு.

பால் பண்ணையில 72 டிகிரில 15 செகண்டு சூடு பண்ணி டக்குனு குளிர வைக்கறாங்க. அதுல நோய் குடுக்கற கிருமி சாவும், ஆனா எல்லா பாக்டீரியாவும் செத்துடாது, தப்பிச்சது குளிர்ல மந்தமா இருக்கும், சூடு ஏற ஏற மடமடன்னு பெருகும். லாக்டோஸ அதுங்க புளிப்பா மாத்திடும், பாத்திரத்துல ஊத்தி அடுப்புல வச்சா திரிஞ்சு போயிடும், அடுத்த பத்து நிமிஷத்துல "பால் திரிஞ்சிச்சுண்ணா"ன்னு கிண்ணத்தோட கடை வாசல்ல ஆள் நிப்பாங்க, வேற பாக்கெட் குடுத்துத்தான் ஆகணும். அதனால பால்ங்கறது சோப்பு மாதிரி கிடையாது, இன்னிக்குப் போவலன்னா ஒரு வாரம் கழிச்சு விக்க முடியாது.

இப்ப கணக்க பாருங்க. சின்னக் கடைக்கு பாக்கெட் 21க்கு வருதுன்னு ஒரு உதாரணத்துக்கு வச்சுக்குவோம். 22க்கு வித்தா லாபம் ஒரு ரூபா. நின்னுபோச்சுன்னா நஷ்டம் 21 ரூபா. அதாவது ஒரு பாக்கெட் வீணா போனா இருபத்தியோரு பாக்கெட் வித்த லாபம் காலி. அப்ப இன்னொரு பாக்கெட் சேத்து எடுக்கலாமா வேணாமான்னு எப்படி முடிவு பண்றது? அது வித்துடும்ங்கற வாய்ப்பு 22ல 21 பங்கு, அதாவது 95 சதவீதத்துக்கு மேல இருந்தாத்தான் எடுக்கறது லாபம். அவ்ளோ உறுதியா வித்துப்போற பால் எதுன்னா காலைல ஏழு மணிக்குள்ள போற பால்தான். நைட்டுக்குன்னு அவரு ஸ்டாக்கே வைக்க மாட்டாரு. 24க்கு வித்தா? 24ல 21 பங்கு, 87.5 சதவீதம் இருந்தாப் போதும். உடனே நாலஞ்சு பாக்கெட் எக்ஸ்ட்ராவா ஃப்ரிட்ஜுல தூக்கிப் போட தைரியம் வந்துடுது. நீங்க குடுக்கற ரெண்டு ரூபால பெரும்பங்கு, நைட்டு ஒம்பதரைக்கும் அங்க பால் இருக்குங்கறதுக்குத்தான். இதுக்கு நியூஸ்வெண்டர் கணக்குன்னே பேரு இருக்கு, பேப்பர் விக்கறவரு நாளைக்கு எத்தன காப்பி எடுக்கலாம்னு மண்டைய உடைக்கற கணக்கு, நாளைக்கு பழைய பேப்பர யார் வாங்குவா. பால்ல ஒரு வசதி, மீந்துட்டா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் தயிர் தோச்சுக்கலாம், அதனால நஷ்டம் முழு 21 இல்ல. நம்ம அண்ணாச்சி வீட்ல தயிர் சாதம் அடிக்கடி ஓடுதுன்னா ஆர்டர் தப்பிப் போச்சுன்னு அர்த்தம்.

சரி, இந்த ரிஸ்க் சூப்பர் மார்க்கெட்டுக்கும் இருக்குமே, அவங்க மட்டும் எப்படி 22க்கே விக்கறாங்க? இங்கதான் வர்க்கமூலம் உள்ள வருது, ஸ்கூல்ல படிச்ச அதே ஸ்கொயர் ரூட். ஒருத்தர் வர்றதுக்கும் இன்னொருத்தர் வர்றதுக்கும் சம்பந்தம் இல்லாம ஆளுங்க தனித்தனியா வந்து வாங்கறாங்கன்னா, ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் நடுவுல விற்பனை எவ்ளோ ஆடும்ங்கறது சராசரியோட வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். பொட்டிக்கடை சராசரி 25 பாக்கெட்னா ஆட்டம் 5, அதாவது 20 சதவீதம். பெரிய கடை சராசரி 400னா ஆட்டம் 20, வெறும் 5 சதவீதம். பதினாறு மடங்கு அதிகம் விக்கறாங்க ஆனா நிச்சயமில்லாத பாக்கெட் நாலு மடங்குதான் ஏறுது. நெசத்துல மழ பேஞ்சா, ஆடித் திருவிழா வந்தா எல்லாரும் ஒண்ணா மாறுவாங்க, கணக்கு இவ்ளோ சுத்தமா வராது, ஆனா பெருசுக்கு சாதகம்ங்கறது மாறாது. ஃப்ரிட்ஜ் செலவும் 400 பாக்கெட்டுக்குப் பிரியுது. அதுக்கும் மேல அவங்களுக்கு பால்ல லாபமே தேவயில்ல, பாலுக்கு வந்தவங்க பிஸ்கட், ஷாம்பூன்னு கூடைய ரொப்பிக்கிட்டுப் போனாப் போதும், அதான் பல கடையில பால் ஃப்ரிட்ஜு பின்னாடி கோடில இருக்கு, வழில இருக்கற அலமாரி எல்லாத்தையும் தாண்டித்தான் போவணும். அமெரிக்காவுல எம்ஆர்பின்னு ஒண்ணே கெடையாது, அங்க பெரிய கடைங்க ஆள இழுக்கறதுக்காக பால் விலைய அடிமட்டத்துக்கு இறக்கிடும், பெட்ரோல் பங்க் கடைங்கள்ல பெரும்பாலும் ஜாஸ்தி, ஆனா சில பங்க்குங்க அதே ட்ரிக்க பண்ணி கம்மியா விக்கறதும் உண்டு.

ஆவின் கார்டு ஏன் சீப்புன்னும் இதுலயே பிடிபட்டுடும். மாசத்துக்கு முன்னாடியே பணம் கட்டிட்டீங்க, நாளைக்கு நீங்க வாங்குவீங்கங்கறது நிச்சயம், நிக்கற பாக்கெட்டே கெடையாது. 2022 நவம்பர்ல ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48ல இருந்து 60 ஆனப்போ கூட கார்டுகாரங்களுக்கு 46லயே விட்டாங்க (அதுல அரசாங்கத்தோட முடிவும் இருக்கு, வெறும் கணக்கு மட்டும் இல்ல).

ஒரு கடையில பச்ச கேட்டா "அது இல்லம்மா, இது நல்லாருக்கும்"னு தனியார் பாக்கெட்ட நீட்டறதும் இதே கத, அதுல பொதுவா கமிஷன் ஜாஸ்தி, எம்ஆர்பிய தாண்டாமலே நைட்டு ஸ்டாக் வைக்க கட்டுப்படி ஆவும். வாங்கறப்ப அளவ பாத்துக்குங்க, 450 மில்லி 25 ரூபான்னா லிட்டர் 55 ரூபாய்க்கு மேல போவுது, கொழுப்பு எவ்ளோன்னும் பாருங்க, பச்சையில 4.5 சதவீதம், நீலத்துல 3, ஆரஞ்சுல 6.

இப்ப போன்ல ஆர்டர் பண்ணா பத்து நிமிஷத்துல வீட்டுக்கே வருது, பாக்கெட் விலை கரெக்டா எம்ஆர்பிதான். பில்ல கீழ எறக்கிப் பாத்தீங்கன்னா ஹேண்ட்லிங் சார்ஜ், டெலிவரி சார்ஜ், சின்ன ஆர்டர் சார்ஜ்னு தனித்தனி வரியா நிக்கும், ஒத்த பாக்கெட் பாலுக்கு அது ரெண்டு ரூபாயோட நிக்கறதும் இல்ல.