நிறுத்திவைத்த வண்டியின் பேட்டரி ஏன் சாகிறது?

புதுச்சேரி நோணாங்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டு வாட்டர் ஸ்கூட்டர்களையும் மணலில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி ஒன்றையும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மூடிய டிரெய்லருக்குள் ஏற்றிப் பூட்டிவிடுகிறாராம். பொங்கலுக்குத் திறந்தால் மூன்று பேட்டரிகளும் செத்துக் கிடக்கின்றன. ஓட்டாத வண்டியில் பேட்டரி எப்படிக் கெடும்? டிரெய்லருக்குள்ளேயே அவற்றுக்கு சார்ஜ் ஏற்ற முடியுமா?

முடியும். முதல் கேள்விக்கான விடையில்தான் எனக்குப் பிடித்த வேதியியல் இருக்கிறது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

இந்த வண்டிகளில் இருக்கும் ஈய-அமில பேட்டரியை 1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். ஒரு தட்டில் ஈயம், எதிர்த்தட்டில் ஈய டையாக்சைடு, நடுவே கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரு தட்டுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழையபடி திரும்புகிறது. இவ்வளவும் பள்ளிப் பாடம்.

பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவது, அந்த சல்பேட் எந்த வடிவில் படிகிறது என்பதை. புதிதாகப் படியும்போது அது கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்களாக இருக்கிறது. அதன் மொத்தப் பரப்பு மிகப் பெரியது. உடனே சார்ஜ் ஏற்றினால் சட்டெனக் கரைந்து ஈயமாகவும் ஈய டையாக்சைடாகவும் மாறிவிடும். அப்படியே விட்டுவைத்தால் சிறு படிகங்கள் மெல்லக் கரைகின்றன, கரைந்தது பக்கத்திலுள்ள பெரிய படிகங்களின் மேல் போய் ஒட்டுகிறது. சிறியது தேய்கிறது, பெரியது கொழுக்கிறது. வெளியிலிருந்து எந்த ஆற்றலும் வேண்டாம். சிறு படிகத்தில் உள்ளே இருக்கும் அணுக்களோடு ஒப்பிட்டால் விளிம்பில் நிற்பவை அதிகம். விளிம்பு அணுவைப் பிடித்துவைக்கப் பக்கத்து அணுக்கள் குறைவு என்பதால் அது எளிதில் கழன்று கரைசலுக்குள் போய்விடுகிறது. பெரிய படிகத்தில் போய்ச் சேரும் அணுவுக்கோ பிடிப்பு அதிகம். வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளக்கிய இந்த நிகழ்வு இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. பொடிச் சர்க்கரை வாயில் போட்டதும் கரைகிறது, அதே சர்க்கரை கற்கண்டாக இறுகிவிட்டால் கடித்தாலும் உடைய மறுக்கிறது. மூன்று மாதம் கவனிப்பாரற்றுக் கிடந்த தட்டிலும் இதுதான் நடந்திருக்கும்.

இந்த வளர்ச்சியை இரண்டு விஷயங்கள் விரைவுபடுத்துகின்றன. ஒன்று, நீர்த்த அமிலம். சார்ஜ் குறையக் குறைய ஈய சல்பேட்டின் கரைதிறன் கூடுகிறது, படிகங்கள் இடம் மாற வசதியாகிறது. இன்னொன்று வெப்பம். ஆகவே சார்ஜ் இறங்கிய நிலையில் சூடான பெட்டிக்குள் கிடப்பதே ஒரு பேட்டரிக்கு மிகக் கெட்ட நிலை. நம் கடற்கரை வெயிலில் நிற்கும் தகர டிரெய்லர் சரியாக அந்தச் சூழலைத்தான் தருகிறது.

சார்ஜ் ஏன் இறங்குகிறது? பேட்டரி தானாகவே மாதத்துக்குச் சில சதவீதம் இழக்கும். அதைவிடப் பெரிய திருடன் வண்டிக்குள் இருக்கும் கடிகாரமும் திருட்டுத் தடுப்புக் கருவியும். அவை 20 மில்லியாம்பியர் இழுத்தால் மாதத்துக்கு 14 ஆம்பியர்-மணி போய்விடும். 18 ஆம்பியர்-மணி பேட்டரியில் மிச்சம் என்ன இருக்கும்? ஆகவே முதல் வேலை, நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுவது. காசு செலவில்லாத இந்த ஒரு வேலையே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

எஞ்சிய இழப்பு மாதத்துக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 30 மில்லியாம்பியர்-மணிதான். 10 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் அரை ஆம்பியர் தரும். அடைமழை வானத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு, 50 மில்லியாம்பியர், ஒரு மணி நேரம் கிடைத்தாலும் போதும். புயலில் மின்சாரம் நாள்கணக்கில் போவதை ‘தானே’ புயலின்போது கடலூரும் புதுச்சேரியும் பார்த்திருக்கின்றன. அதனால் டிரெய்லர் கூரையில் பேனல் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்த்து வைத்தால் மழைநீரும் வழிந்தோடும்.

பேனலை நேரடியாக இணைக்கக் கூடாது. சுமை இல்லாதபோது அது 21 வோல்ட் வரை காட்டும். நடுவே கண்ட்ரோலர் வேண்டும். அது பேட்டரியை 13.6 வோல்ட் அளவில் பிடித்துவைக்க வேண்டும், அதுவும் 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சுமார் 20 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும் என்பதால் 45 டிகிரியில் 13.2 போதும். வெப்பத்தை உணர்ந்து தானே சரிசெய்யும் கண்ட்ரோலரை வாங்கி, அதை பேட்டரிக்குப் பக்கத்திலேயே பொருத்துங்கள்.

மூன்று பேட்டரிகளையும் இணையாகக் கட்டி ஒரே சார்ஜரில் போடுவது பலர் செய்வது. அதை நான் ஏற்கமாட்டேன். ஒன்றில் ஒரு செல் ஷார்ட் ஆனால் மற்ற இரண்டும் தங்கள் மின்சாரத்தை அதற்குள் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் தனி பேனல், தனி கண்ட்ரோலர், பேட்டரி முனைக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸ். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரலாம். அது காற்றில் 4 சதவீதத்தை எட்டினாலே தீப்பிடிக்கும். மேலே எழும் வாயு என்பதால் டிரெய்லரின் உச்சியிலும் அடியிலும் காற்றுத் துளைகள் விடுங்கள். உப்புக் காற்றுக்கு, முனைகளில் வாசலின் தடவுங்கள்.

சிமெண்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று இன்றும் பட்டறைகளில் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரிக்குத் தரை என்ன செய்ய முடியும்? இதைவிடக் கவலை தருவது ஆய்வுக்கான பணம். வள்ளல் அழகப்பர் நிலமும் நிதியும் கொடுத்து காரைக்குடியில் ஒரு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழ வழிசெய்தார். சல்பேட் படிகம் கொழுப்பதைத் தடுக்க ஈயத்தட்டில் கார்பன் சேர்ப்பது போன்ற ஆய்வுகளுக்கு அங்கே தாராளமாகப் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லோரும் லித்தியத்தின் பின்னால் ஓடுகிறார்கள். நாட்டின் பெரும்பாலான வண்டிகளைக் காலையில் கிளப்புவதோ இன்றும் ஈயம்தான்.

அந்த மூன்று பழைய பேட்டரிகளைப் பொறுத்தவரை, நிதானமாக ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, கழற்றி, மறுநாள் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 காட்டினால் கடையில் கொடுத்து, சுமை ஏற்றிச் சோதிக்கும் லோடு டெஸ்ட் செய்து பார்க்கலாம். 12.4 கூட இல்லையென்றால் கற்கண்டு கெட்டிப்பட்டுவிட்டது. பழையதைக் குப்பையில் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். ஈயம் மண்ணில் கலக்கக் கூடாது, புதிய பேட்டரியின் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.